நூறு சதவிகிதமும் ஒன்பதாம் வகுப்பும்

பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு

மே மாதத்தில் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் வருவோர் வழியெங்கும் ஒரே செய்தியைப் பலவிதமான பதாகைகளில் காணலாம். "பத்தாம் வகுப்பில் நூறு சதவிகிதத் தேர்ச்சி" என்பதே அச்செய்தி. பள்ளியின் பெயர் மாறும். முதல் மதிப்பெண் பெற்ற மாணவியின் புகைப்படம் மாறும். அந்த நூறு மட்டும் மாறாது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இது புதிதன்று. பிளஸ் டூ தேர்வில் 2017, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் நம் மாவட்டமே மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2023இல் நாம் பெற்ற தேர்ச்சி 97.85 சதவிகிதம். வானம் பார்த்த பூமி, தீப்பெட்டியும் பட்டாசும் நூற்பாலையும் விசைத்தறியுமே பிழைப்பு என்றிருக்கும் ஒரு மாவட்டம் படிப்பில் முன்னே நிற்பது சாதாரணச் செயலன்று. தாமே பள்ளிப்படிப்பை ஆறாம் வகுப்போடு விட்டுவிட்டு, பிறர் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளைத் திறந்த காமராசர் பிறந்த மண்ணல்லவா இது! இந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. நானும் இம்மாவட்டத்துப் பள்ளியில் படித்து வந்தவரில் ஒருவரே.

ஆயினும் கணிதம் படிக்கின்ற எவருக்கும் சதவிகிதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு கேள்வி எழ வேண்டும். எதில் நூறு? சதவிகிதம் என்பது ஒரு பின்னம். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பின்னத்தின் மதிப்பை உயர்த்த வேண்டுமானால் தொகுதியைக் கூட்டலாம், அல்லது பகுதியைக் குறைக்கலாம். முதலாவது ஆசிரியர்களின் உழைப்பால் நடப்பது. இரண்டாவதற்கு ஒன்பதாம் வகுப்பின் கடைசி வாரத்தில் சில பெற்றோர்களை அழைத்துப் பேசினால் போதும்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 120 பேர் சேர்ந்தனர். அவர்களில் 84 பேர் மட்டுமே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர். 84 பேரும் தேறினர். பதாகையில் 100 சதவிகிதம். வேறொரு பள்ளியிலும் 120 பேரே சேர்ந்தனர். அவர்களில் 110 பேர் தேர்வு எழுத, 99 பேர் தேறினர். இது 90 சதவிகிதம், பதாகை கிடையாது. கல்வி அலுவலரின் கூட்டத்தில் தலைமையாசிரியர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது பகுதியை 120 என்று வைத்து மீண்டும் வகுத்துப் பாருங்கள். முதற்பள்ளிக்கு 70 சதவிகிதம், இரண்டாம் பள்ளிக்கு 82.5 சதவிகிதம். அதிகம் பேரைக் கரையேற்றிய பள்ளி எது?

சட்டம் நிற்கும் இடம்

ஏன் ஒன்பதாம் வகுப்பு என்று கேட்கலாம். குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் எந்த வகுப்பிலும் நிறுத்தி வைக்கலாகாது, பள்ளியை விட்டு நீக்கவும் ஆகாது என்று கூறியது. தொடக்கக் கல்வி என்பது எட்டாம் வகுப்பு வரை. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளில் தேர்வு வைத்து, தவறியவர்களுக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைத்து, அதிலும் தவறினால் நிறுத்தி வைக்கலாம் என்ற அதிகாரம் அரசுகளுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டிலும் அவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரியில் அதை விலக்கிக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் நேரடிப் பள்ளிகளில் நிறுத்தி வைக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாட்டில் எட்டு வரை பழைய முறையே தொடரும் என்று மாநில அமைச்சர் அறிவித்தார். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே உறுதி செய்தது.

ஆக, எட்டாம் வகுப்பு வரை சட்டத்தின் குடை உண்டு. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு என்ற வெயில். இடையில் இருப்பது ஒன்பது மட்டுமே. அங்கே தேர்ச்சி தருவதும் மறுப்பதும் பள்ளியின் கையில். எட்டு ஆண்டுகளாகச் சேர்ந்த குறையெல்லாம் அங்கேதான் வெளிப்படுகிறது. பள்ளியின் கண்டிப்பும் அங்கேதான் விழுகிறது.

என் அண்ணன் 2016இல் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் 28 மதிப்பெண் பெற்றான். ஏனைய நான்கு பாடங்களிலும் தேறியிருந்தான். நூற்பாலையில் வேலை செய்யும் எங்கள் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்தார்கள். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. "இங்கேயே இருந்தால் ஒன்பதில் மறுபடியும் உட்கார வேண்டும், டி.சி. வாங்கிக்கொள்வதானால் பாஸ் போட்டுத் தருகிறோம், வேறு பள்ளியில் பத்தாவது சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். பாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் போட்டுவிட்டு வந்தார். அடுத்த இரண்டு பள்ளிகளிலும், பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர்ப்பதில்லை என்றார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய சதவிகிதம் இருக்கிறதே! ஜூன் போய் ஜூலையும் போயிற்று. ஆகஸ்டில் அண்ணன் சத்திரப்பட்டியில் உறவினர் ஒருவரின் பேண்டேஜ் துணி தறிக்கூடத்துக்குப் போகத் தொடங்கினான்.

2019இல் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினான். பகலெல்லாம் தறி, இரவில் என்னுடைய பழைய நோட்டுகள். கணக்கில் 41 மதிப்பெண் பெற்றுத் தேறினான். அவனால் முடியாத பாடமன்று அது. மூன்று ஆண்டு தாமதமாக வந்த பாடம், அவ்வளவுதான். அவனுடைய பெயர் எந்தப் பள்ளியின் பகுதியிலும் இல்லை, எந்தப் பள்ளியின் தொகுதியிலும் இல்லை.

மறுதரப்பு

இதைச் சொன்னவுடன் கண்டிப்பான பள்ளிகளெல்லாம் தீயவை என்று நான் கூறுவதாக எண்ணலாகாது. ராஜபாளையத்தில் முப்பதாண்டு கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, பின்னத்தைக் கூட்டத் தெரியாத பையனைப் பத்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் அவனுக்கு அது வகுப்பு இல்லை, வெயிட்டிங் ரூம். எட்டு வருஷம் யாரோ தள்ளிவிட்டதை நான் ஒரே வருஷத்தில் ஏற்றுவது எப்படி? ஒன்பதில் நிறுத்துவது சில சமயம் தர்மம்தான்."

இதில் உண்மை இருக்கிறது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2022இல் எடுக்கப்பட்ட ஏசர் என்ற ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 4.8 சதவிகிதமே. அந்தப் பிள்ளைகளும் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். 'ஆல் பாஸ்' என்று கேட்டு மகிழ்ந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஆனால் தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்தால் பின்னம் வந்துவிடாது. கல்வி உரிமைச் சட்டம் நிறுத்தி வைக்காதே என்று மட்டும் சொல்லவில்லை. தொடர்ந்து மதிப்பிட்டுக் குறையைக் கண்டு அவ்வப்போது போக்கு என்றும் சொல்லியது. முன்னதைச் செய்வதற்குச் செலவில்லை, ஆகவே அது நடந்தது. பின்னதற்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும்.

அதே ஆசிரியரிடம் இன்னொன்றும் கேட்டேன். நிறுத்தி வைத்த மாணவனுக்கு மறு ஆண்டில் வேறு எவ்வகையில் பாடம் நடத்தினீர்கள்? சற்று யோசித்து, "அதே பாடம்தான், அதே நோட்டுதான். அவன் கடைசி பெஞ்சுக்குப் போயிருப்பான்" என்றார். மறைக்காமல் சொன்னதற்காக அவருக்கு என் வணக்கம்.

பழைய நோய்

தேக்கம் என்பது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1929இல் ஹார்ட்டாக் குழு இந்தியக் கல்வியை ஆராய்ந்து விரயம், தேக்கம் என்ற இரண்டு குறைகளைச் சுட்டியது. படிப்பை முடிக்காமல் இடையில் நிற்பது விரயம். ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் இருப்பது தேக்கம். அக்காலத்தில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே நான்காம் வகுப்பை அடைந்தனர். 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரிக் குழு, முதல் வகுப்பில்தான் இந்நோய் மிகுதி என்று கண்டு, முதலிரு வகுப்புகளையும், இயன்றால் நான்கு வகுப்புகளையும், ஒரே அலகாகக் கருதலாம் என்று பரிந்துரைத்தது. இவ்விரு குழுக்களும் விரயத்தையும் தேக்கத்தையும் அருகருகே வைத்தே பேசின. ஊருணியில் தேங்கிய நீர் கடைசியில் மண்ணுக்குள் போவதுபோல, வகுப்பில் தேங்கிய பிள்ளை பள்ளியை விட்டே போய்விடுகிறது.

அமெரிக்காவிலும் இதே வழக்கு நடக்கிறது. அங்கே சார்ட்டர் பள்ளி என்று ஒருவகை உண்டு. 1991இல் மினசோட்டா மாநிலம் இதற்கு முதற்சட்டம் இயற்றியது. அரசுப் பணத்தில், கட்டணம் இல்லாமல், தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகள் இவை. நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஓரளவு ஒப்பிடலாம். இவற்றுள் புகழ்பெற்ற கிப் என்னும் பள்ளிகளை 1994இல் ஹூஸ்டன் நகரில் இரண்டு இளம் ஆசிரியர்கள் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகள், நீண்ட பள்ளி நேரம், சனிக்கிழமை வகுப்பு, கண்டிப்பு. காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் போய்ப் பழகிய நமக்கு இது வியப்பாக இராது.

நல்ல மதிப்பெண்கள் வந்தன, கேள்விகளும் வந்தன. 2008இல் எஸ்.ஆர்.ஐ. என்ற நிறுவனம் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் கிப் பள்ளிகளை ஆராய்ந்தது. அங்கே நான்கு பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த ஒரு தொகுதி மாணவர்களில் 60 சதவிகிதத்தினர் எட்டாம் வகுப்பை முடிக்கும் முன்பே வெளியேறியிருந்தனர். நாடு முழுவதிலும் உள்ள கிப் பள்ளிகளைப் பற்றி 2010இல் மாத்தமேட்டிகா நிறுவனம் வெளியிட்ட ஆய்வோ, பொதுவாக வெளியேறுவோர் அக்கம்பக்கத்துப் பள்ளிகளைவிட மிகுதியில்லை என்றும், ஆனால் ஐந்து, ஆறாம் வகுப்புகளில் நிறுத்தி வைக்கப்படுவோர் மிகுதி என்றும் காட்டியது. ஆகவே எல்லாப் பள்ளியையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. நான் கவனித்தது வேறு. அவர்களால் இந்தக் கேள்வியை ஆராய முடிந்ததற்குக் காரணம், சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையே பகுதியாக வைத்துக் கணக்கிட்டதுதான்.

சிகாகோ நகரம் 1996 முதல் 3, 6, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்துத் தவறியவர்களை நிறுத்தி வைத்தது. அதற்குமுன் கோடைக்காலச் சிறப்பு வகுப்பும் நடத்தியது. மெலிசா ராடரிக், ஜென்னி நகோகா என்னும் ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, நிறுத்தி வைக்கப்பட்ட மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்குப் பயன் காணப்படவில்லை. ஆறாம் வகுப்பினர் முன்னிலும் மெதுவாகவே கற்றனர். ஃபுளோரிடாவிலோ 2002-03 முதல் மூன்றாம் வகுப்பில் படிக்கத் தெரியாதவர்களை நிறுத்தியபோது, அவர்களுக்குக் கூடுதலான வாசிப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே முதற்சில ஆண்டுகளில் முன்னேற்றம் தெரிந்தது. சிறு வயதில், வேறு வகையான கற்பித்தலோடு நிறுத்துவது வேறு. பதினான்கு வயதுப் பையனைப் பழைய நோட்டோடு நிறுத்துவது வேறு என்றே இவற்றிலிருந்து கொள்ளத் தோன்றுகிறது.

நமக்கு மட்டும் ஏன் சலுகை?

இனி நம் கல்லூரிக்கே வருவோம். முதற்பருவத்தில் ஒரு தாளில் தவறிய மாணவர் என்ன ஆகிறார்? அரியர் என்று பெயர் வைத்துக்கொண்டு நம்மோடு இரண்டாம் பருவத்துக்கு வருகிறார். தவறிய தாளை மட்டும் பிறகு எழுதுகிறார். தேறிய தாள்களை யாரும் மறுபடி படிக்கச் சொல்வதில்லை. வகுப்பைவிட்டு யாரும் இறக்குவதில்லை. அதனால் பட்டத்தின் தரம் கெட்டதாகவும் எவரும் சொல்வதில்லை. எல்லாத் தாளையும் முடித்தால்தான் பட்டம்.

பத்தாம் வகுப்பிலும் அப்படியே. ஒரு பாடத்தில் 35க்குக் கீழே போனால் துணைத்தேர்வில் அந்த ஒரு பாடத்தை எழுதித் தேறி, அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம்.

இருபது வயதுள்ள நமக்கு அரியர் உண்டு. பதினைந்து வயதுள்ள மாணவருக்குத் துணைத்தேர்வு உண்டு. பதினான்கு வயதில் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறியவர், தேறிய தமிழையும் அறிவியலையும் சமூக அறிவியலையும் சேர்த்து ஓராண்டு முழுவதும் மறுபடி படிக்க வேண்டும், அல்லது டி.சி. வாங்க வேண்டும். மூவரில் மிக இளையவருக்கே மிகக் கடுமையான தண்டனை. இந்த முரண்பாட்டை நான் பல நாள் யோசித்தும் இதற்கொரு நியாயம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதில் தவறியவரைப் பத்தாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் மாலையில் ஒரு மணி நேரம் அடிப்படையிலிருந்து கற்பித்து, அரையாண்டுக்கு முன் தேற வைத்தால் என்ன? கண்டிப்பும் குறையாது; பிள்ளையும் போகாது.

இதற்குச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் அத்தகைய வேலைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, தெருத்திண்ணைகளில் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தந்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்தது. 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வகுப்பு வரை மொழியிலும் கணக்கிலும் பின்தங்கியவர்களுக்கெனத் திறன் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் வகுப்பையும் அதில் சேர்த்தது எனக்கு மிக்க மகிழ்ச்சி. அரசுப் பள்ளி வகுப்பறைகளில் அது எப்படி நடந்தது என்பதை, பி.எட். படிக்க எண்ணியிருக்கும் நம் கல்லூரி நண்பர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம்.

பதாகைக்கு ஓர் எண்

பதாகைகளைக் கழற்றிவிட வேண்டும் என்று நான் கோரவில்லை. வெற்றியைச் சொல்லிக்கொள்ளாத ஊர் எது? 2017இல் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். அதே ஆண்டில், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைக்கும் பள்ளிகளுக்காகப் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். 2025-26 முதல் அத்தேர்வை எடுத்தும்விட்டார்கள். தேர்வைச் சேர்ப்பதும் எடுப்பதுமாகவே காலம் போகிறது. எந்த எண்ணைக் கொண்டு பள்ளியை அளக்கிறோம் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

தமிழ்நாட்டில் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண் என்று ஒன்று உண்டு. பள்ளி மாறினாலும் அந்த எண் மாணவரோடு போகும். ஆகவே ஒரு பள்ளியில் சேர்ந்தவர் அங்கேயே தேறினாரா, வேறு பள்ளியில் தேறினாரா, எங்குமே இல்லாமல் போனாரா என்று கண்டுபிடிக்க முடியும். பெற்றோர் ஊர் மாறியதால் போனவர்களைக் கழித்துவிடலாம். அது பள்ளியின் குற்றமன்று. புதிதாக ஒரு படிவம் வேண்டியதில்லை, ஆறாம் வகுப்பிலிருந்தும் தொடங்க வேண்டியதில்லை. ஓராண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்தவர் எத்தனை பேர், இரண்டாண்டு கழித்து மே மாதம் பத்தாம் வகுப்பில் தேறியவர் அவர்களுள் எத்தனை பேர் என்று நூறு சதவிகிதத்துக்குக் கீழே ஒரு வரி அச்சிட்டால், பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனார், கையெழுத்து மட்டும் தெரிந்தவராக இருந்தாலும், பக்கத்தில் உள்ளவரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்வார்.